சாபிரா மங்கிய வருஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு சித்திரையில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நட்சத்திரம் ராயபுரத்துக்கு மேலே தெரிந்த அன்றே, கயிற்று வியாபாரி அப்துல் வஹாபின் மனைவி சாபிராவின் உடம்பும் வெளிச்சம் விடத் தொடங்கியது. அந்த மாதம் அவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். வஹாபுக்குப் பெருமை பிடிபடவில்லை. வானம் பார்க்கும் பைத்தியம் அவருக்கு முன்பே உண்டு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் தொலைநோக்கியை ஏலத்தில் எடுத்திருந்தார். மாலைத் தொழுகை முடிந்ததும் துறைமுக குமாஸ்தா சுப்பராயனோடு மாடி ஏறிவிடுவார்.

அந்தப் புது நட்சத்திரம் நோவா என்கிற ஜாதியா இல்லையா என்பதே இருவருக்கும் கேள்வி. வெளிச்சம் கூடிக் குறைகிற ஜாதி என்றால் மங்கினாலும் மறுபடி பிரகாசிக்கும். நோவா என்றால் ஒரே வீச்சாக எரிந்து அடங்கிவிடும், அவ்வளவுதான். ஆடி பிறந்ததும், அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த சுப்பராயன், இதன் வெளிச்சம் இறங்குகிறது என்றார். வஹாப் எண்ணூர்ப் பக்கத்துக் கடல் மூட்டத்தைத் திட்டினார். மூட்டம் விலகியதும் கண்ணாடியைத் திட்டினார். துடைத்துத் துடைத்து அதில் கீறலே விழுந்தது. கீழே அடுப்படியில், சாபிராவின் ஊடாகச் சுவர் தெரிய ஆரம்பித்திருந்தது.

"திரும்பி வர்ற ஜாதின்னு சொல்லு தோஸ்து, பொய்யாவாச்சும் சொல்லு," என்று சுப்பராயனின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"நான் சொன்னா வானம் கேட்டுக்குமா பாய்? நோவாதான் அது. எனுக்கு மட்டும் மனசு கேக்குதா?"

சாபிரா அவ்வளவாகக் கலங்கவில்லை. "நான் எங்க போவப்போறேன், இங்கதான் கீறேன். வந்து துன்னுங்க," என்றாள். ஐப்பசி மழை ஓய்ந்தபோது வெறுங்கண்ணுக்கு நட்சத்திரமும் இல்லை, அவளும் இல்லை. குரலும் போய்விட்டது. சோறு மட்டும் வேளாவேளைக்கு வெந்திருந்தது. வஹாப் தட்டின் முன்னால் உட்கார்ந்து எதிரே காற்றைத் தடவிப் பார்த்தார். கைக்கு ஒன்றும் அகப்படாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

சுப்பராயன்தான் யோசனை சொன்னார். நோவா செத்துப்போவதில்லை, கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கி அங்கேயே நிற்கும். தொலைநோக்கியை வீட்டுக்குள் திருப்பினார்கள். வெறும் கலங்கல்தான் தெரிந்தது, தூரத்துக்குச் செய்த கண்ணாடி பக்கத்தில் இருப்பதைக் காட்டாது. தெருக்கோடிக்குத் தூக்கிப்போய், எதிர்ச்சாரிக் கடைசி வீட்டு மாடியில் நிறுத்திப் பார்த்தபோது, சாபிரா ஜன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடி எதையும் தலைகீழாகவே காட்டும் என்பதால் அவளும் தலைகீழாகத் தெரிந்தாள். வஹாப் அவள் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினார். வீட்டில் வெங்காயம் மட்டும் இருந்தது.

பிறகு வருஷக்கணக்கில் அப்படியே நடந்தது. சாப்பிட வீட்டுக்கு வருவார், அவளைப் பார்க்கத் தெருக்கோடிக்குப் போவார். கடைசி வீட்டுக்காரர்கள் மாடிக் கதவைத் தாழிடுவதை விட்டார்கள். இடையில் இருந்த வீடுகளில், அவருக்கு மறைக்காதபடி துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டினார்கள்.