சபைக்குத் தெரியாத எனெலெசி

இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்து யாரும் யாரையும் தெரிந்துகொள்வதில்லை. நோட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதில் பெயர் இல்லையென்றால், எதிரே நின்று தும்மினாலும் நீ ஆளில்லை. கிழவர் மக்வின்ஜா இதை முனகிக்கொண்டே சர்ச் படியேறினார். வீட்டில் பாயில் அவர் மனைவி எனெலெசி கிடந்தாள். விடியும்போது உயிர் போயிருந்தது.

சர்ச் மாதர் சங்கத்து வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடையோடு, சங்கத்துப் பெண்கள் பாடத்தான் மண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்காகத்தான் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் வந்திருந்தார்.

மூப்பர் சிகோபா வருகை நோட்டைப் புரட்டினார்.

"பதினாலு மாசமா அக்கா வரலை பெரியவரே. பேரை அடிச்சாச்சு. உடுப்பு போடக் கூடாது. பாடவும் ஆள் வராது."

"கைகால் விழுந்து கெடந்தா. தவழ்ந்தா வருவா?"

"எழுதிக் குடுத்திருக்கணும்."

"ஏன்யா, தெனமும் என் வாசலைத் தாண்டித்தானே போறே? வாசல்ல கெடந்தவளைப் பார்த்து 'எப்படிக்கா இருக்கே'ன்னு கேட்டது நீதானே?"

"எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியாதே."

கிழவர் சர்ச் சுவரை ஓங்கித் தட்டினார்.

"இந்தச் செவுத்துக்கு வயித்துப் புள்ளையோட செங்கல் சுமந்தவ அவ. அப்பத் தெரிஞ்சுதா சபைக்கு? என் வீட்டுக் கோழிய உக்காந்து தின்னது நீயா, சபையா?"

வாசலில் கூடியிருந்த சங்கத்துப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை மென்று விழுங்கினாள்.

மூப்பர் ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதி நீட்டினார். வராததற்கு மன்னிப்புக் கடிதமாம். செத்தவளுக்காகப் புருசன் கைநாட்டு வைத்தால் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாமாம்.

"நோவுல கெடந்ததுக்கு மன்னிப்பா? சரி, வெக்கிறேன். அதுக்குக் கீழேயே நீயும் எழுது. பதினாலு மாசமா அவளைப் போய்ப் பார்க்கலை, சபை மன்னிப்புக் கேக்குதுன்னு."

"சபை அப்படியெல்லாம் எழுதாது."

"அப்ப எனக்கும் வெரல் வராது. உடுப்பை நானே போட்டுவிடுறேன். தைரியமிருந்தா வந்து கழட்டு."

சங்கத் தலைவி எதினா உள்ளே வந்தாள்.

"எழுதுங்க மூப்பரே. நாங்களுந்தான் போய்ப் பார்க்கலை. எழுதலைன்னா எங்க அத்தனை பேர் பேரையும் அடிச்சுக்கங்க. நாங்க பாடத்தான் போறோம்."

மூப்பர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எழுதினார். கிழவருக்குப் படிக்கத் தெரியாது. எதினாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கட்டைவிரலை அழுத்தினார்.

மாலையில் இடுகாட்டுத் தோப்பில் வெள்ளைச் சட்டையோடு எனெலெசியை இறக்கினார்கள். பெண்கள் தொண்டை கம்மும்வரை பாடினார்கள். மண் மூடியதும் மூப்பர் முன்னால் வந்து, "சபை ஒருநாளும் மறவாத மகள்" என்று ஆரம்பித்தார்.

கிழவர் திரும்பி நடந்தார். எதினா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏன் பெரியவரே, இன்னும் கோவமா? அதான் ஒத்துக்கிட்டாங்களே."

"நீ வந்து நிக்கலைன்னா ஒத்துக்கிட்டிருப்பானா?"

அவர் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார்.