பெயர் இல்லாத வியாதிக்கு ஓய்வூதியம்

மருத்துவக் குழு அப்பாவை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டிருந்தது. அன்று காலையிலேயே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. சண்டை சட்டையைப் பற்றியது.

"அந்தக் கசங்கின நீலச் சட்டையைப் போட்டுட்டு வாங்க" என்றாள் அம்மா. "ஷேவிங்கும் வேண்டாம். கொஞ்சம் தாடி இருந்தாதான் பார்க்க நோயாளி மாதிரி இருக்கும்."

"நான் என்ன நாடகத்துக்கா போறேன்?"

"போன தடவை மாப்பிள்ளை மாதிரி போய் நின்னீங்களே, என்ன கிடைச்சுது?"

போன தடவை நடந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். "எப்படி இருக்கீங்க?" என்று குழுவின் தலைவர் கேட்டதும், அப்பா விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன் சார்!" என்று ஜன்னல் அதிரச் சொல்லிவிட்டு வந்தார். பட்டாளத்தில் அதிகாரி முன்னால் வலிக்கிறது என்று சொன்னவனை மறுநாள் இன்னும் அதிகமாக ஓடவிடுவார்களாம். அந்தப் பழக்கம் போகவில்லை. 'குறைபாடு எதுவும் காணப்படவில்லை' என்று பதில் வந்தது.

அப்பாவைக் கடல் தாண்டி ஒரு பாலைவனத்துக்குச் சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள். காயம் ஒன்றும் படாமல்தான் திரும்பி வந்தார். வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. மூட்டெல்லாம் வலித்தது. முதுகில் தடிப்புத் தடிப்பாக வந்து போனது. தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவர் போல உட்கார்ந்திருப்பார். எடுத்த பரிசோதனை எல்லாம் 'நார்மல்' என்றே வந்தது. "உங்களுக்கு வந்திருக்கிற வியாதியே இந்த நார்மல்தான்" என்பாள் அம்மா.

இதோடுதான் ஒரு கிடங்கு வாசலில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லாரி வரும்போதெல்லாம் இரும்புக் கதவைத் தள்ளித் திறக்க வேண்டும். இயலாமை ஓய்வூதியம் கிடைத்தால் அந்த வேலையை விடலாம். கிடைக்காவிட்டால் விட முடியாது.

கடைசியில் சட்டைச் சண்டையில் அம்மா தோற்றாள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, மழமழவென்ற முகத்தோடு, அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அம்மாவிடம், "யாருக்கும்மா உடம்பு சரியில்லை? உங்களுக்கா?" என்று கேட்டார். அம்மா அப்பாவை முறைத்தாள்.

உள்ளே எங்கள் மூவரையும் விட்டார்கள். தலைவர் காகிதங்களைப் புரட்டினார். "ரத்தம் சரியா இருக்கு. ஸ்கேனும் சரியா இருக்கு. என்னதான் செய்யுது உங்களுக்கு?"

"பெரிசா ஒண்ணும் இல்லை சார்" என்றார் அப்பா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் போயிற்று.

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரம்மா, "முதுகைப் பார்க்கணும். சட்டையைக் கழற்றுங்க" என்றார்.

அப்பாவின் கை கழுத்துக்குப் போவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "ஒண்ணும் இல்லையாமே! ராத்திரி பூரா முனகினது யாராம்? பக்கத்து வீட்டுப் பூனையா?" அவள் வாய் திட்டிக்கொண்டே இருந்தது. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. பட்டாணி உரிப்பது போலப் பொத்தான்களை மேலிருந்து கீழே அவிழ்த்து, இரண்டு மணிக்கட்டுப் பொத்தானையும் அவிழ்த்து, தோளிலிருந்து சட்டையை உருவி, தன் கையில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் பழகின குழந்தை போல ஒவ்வொரு கையாக நீட்டினார்.

குழுவில் எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பழக்கம்..." என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"தினமும் நீங்கதான் போட்டு விடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவள் தங்கைக்குக்கூடச் சொல்லாத விஷயம் அது. தெருவில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சட்டை போட்டுவிடுவாள்.

அப்பா தலையைக் குனிந்தார். "ஆமா மேடம். காலையில விரல் மடங்காது. வெயில் ஏறினாதான் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும்."

"வேற?"

"எல்லாத்தையும் சொல்லணுமா?"

"அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கோம்."

அப்பா சொன்னார். முதலில் நின்றபடி சொன்னார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். கிடங்குக் கதவைக் கையால் இல்லை, தோளால் தள்ளுகிறாராம். சில நாள் வேலை முடிந்து வரும்போது வீடு எந்தப் பக்கம் என்பதே மறந்து போகுமாம். தெரிந்த முகம் ஏதாவது வரும்வரை செருப்புக் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பாராம்.

"ஐயோ" என்றாள் அம்மா. "செருப்பு பார்க்கறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

தலைவர் பேனாவைத் திறந்தார். "சரி, வியாதிக்கு என்ன பேர் எழுதறது?"

"பேர் தெரியலைன்னே எழுதுங்க சார்" என்றார் டாக்டரம்மா. "அந்தச் சண்டைக்குப் போய்ட்டு வந்தவங்களுக்கு அப்படியும் கொடுக்கலாம்னு விதி இருக்கு. பேரை நாமதான் கண்டுபிடிக்கலை. விரல் மடங்காதது நிஜம்தானே?"

ஓய்வூதியம் கிடைத்தது. வேலையை விடுவதாகச் சொல்லப் போன அப்பாவிடம் கிடங்கு மேலாளர், "என்ன வியாதி?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் பேர் வைக்கலை சார்" என்று சொல்லிவிட்டு வந்தார் அப்பா. அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வலி போகவில்லை. மாத்திரையும் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருக்கிறார். அம்மா ஜன்னலைச் சாத்துவதில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போகிறார்கள். நேற்று நானும் பின்னால் போனேன். தெரு முனையில் அப்பா இடது பக்கம் திரும்பப் போனார். தன் தங்கை வாங்கின சோபாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அம்மா, பேச்சை நிறுத்தாமலே, அவர் முழங்கையைப் பிடித்து வலது பக்கம் திருப்பிக் கூட்டிப் போனாள்.