தொடரவும்

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் சூப்பிரண்டை அலுவலகம் விடவில்லை. கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே அவளுடைய மாத்திரைகளுக்கு ஓர் அட்டவணை போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மாத்திரை கூடக்கூடப் புதிதாக எழுதி ஒட்டினார். இப்போது பதினான்கு மாத்திரைகள், சுத்தமான அகரவரிசையில், வேளைக்கு ஒரு நிற மையில். பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் அட்டவணையைப் பார்த்தாக வேண்டும்.

புற்றுநோய் டாக்டர் கொடுத்தவை சில. சர்க்கரை டாக்டர், இதய டாக்டர் கொடுத்தவை சில. வலி மாத்திரை வயிற்றைக் கட்டியது என்று அதற்கு ஒன்று. அது நெஞ்சை எரித்தது என்று அதற்கு ஒன்று. ஒரு மாத்திரை செய்த பாவத்தை இன்னொரு மாத்திரை சுமந்தது. ஒவ்வொரு டாக்டரும் மற்றவர் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அடியில் ‘தொடரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சூப்பிரண்டுக்கு அது சொந்தக்காரரைப் போன்ற சொல். முப்பத்து நான்கு வருடம் அவரும் அதைத்தான் எழுதினார். மேலிடத்து உத்தரவு இல்லாமல் எந்தக் கோப்பையும் அவர் மூடியதில்லை.

மனைவி தூங்க ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து வாசல்வரை கேட்கும் வாய் அவளுக்கு. இப்போது கஞ்சி பாதி இறங்கும்போதே கண் செருகியது. டாக்டரிடம் கேட்டார். “நோய் அப்படிங்க,” என்றார் டாக்டர். தொடரவும்.

அந்த நாட்களில்தான் அவள் தங்கை வந்தாள். அம்மா சாகக்கிடந்தபோது எட்டிப் பார்க்காதவள் என்று பதினோரு வருடம் அக்கா பேசாமல் ஒதுக்கிவைத்த தங்கை. விமானம் ஏறி, பத்து நாள் விடுப்பில் வந்து, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“அத்தான், கொஞ்சம் எழுப்பிப் பாருங்களேன்.”

“எழுப்பினேம்மா. மாத்திரையைப் போட்டுட்டுத் திரும்பப் படுத்துட்டா.”

“அதுக்கு மட்டும் எழுந்திரிக்கிறாளா? என்மேல கோபம்தான் போல.”

பத்தாம் நாள் அக்காவின் நெற்றியில் கைவைத்துவிட்டுக் கிளம்பினாள். டாக்ஸியில் ஏறும்வரை அழுதாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் ஒரு புதிய பெண் இருந்தாள். சூப்பிரண்டு அட்டவணையை நீட்டினார், சான்றிதழ் நீட்டுவதுபோல.

“இது அழகா இருக்கு சார். ஆனா எனக்கு இது வேண்டாம். வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிட்டு வாங்க.”

அள்ளிக்கொண்டு போக அவருக்கு அவமானமாக இருந்தது. அவள் அட்டைகளை மேஜையில் பரப்பி, சீட்டாடுகிறவளைப்போல மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இரண்டை மட்டும் அருகருகே தள்ளினாள்.

“இந்த வெள்ளை யார் கொடுத்தது?”

“புற்றுநோய் டாக்டர். கை மரத்துப்போகுதுன்னு.”

“இந்த ரோஸ்?”

“சர்க்கரை டாக்டர். பாதம் எரியுதுன்னு.”

“ரெண்டும் ஒரே மருந்து சார். கம்பெனி வேற, பேர் வேற. ரெட்டிப்பா போயிருக்கு. நல்லாத் தூங்குவாங்களே?”

சூப்பிரண்டு அட்டவணையைப் பார்த்தார். ஒன்று ‘க’வில் இருந்தது, மற்றது ‘ம’வில். நடுவே எட்டு வரிகள். அகரவரிசையில் ஒரு பிழையும் இல்லை.

அந்தப் பெண் டாக்டருக்குப் போன் செய்தாள். ரோஸ் நின்றது. நான்காம் நாள் காலை மனைவி கண்ணைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தாள்.

“என்னங்க, அந்த பஸ் டைம்டேபிள் இன்னும் ஃபிரிட்ஜ்லயேதான் இருக்கா?”

அவருக்குச் சிரிக்க வரவில்லை.

“தங்கச்சி வர்றான்னு சொன்னீங்களே. எப்ப வர்றா?”

“வந்துட்டுப் போயிட்டா.”

“நான் ஏதாவது பேசினேனா?”

வாழ்நாளில் பொய்க் குறிப்பு எழுதாத மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேசலை. நீ தூங்கிட்டே இருந்தே. நான்தான் தூங்க வெச்சேன்.” வெள்ளையையும் ரோஸையும் பற்றிச் சொன்னார்.

“ஒரே மாதிரி கசந்துச்சு ரெண்டும்,” என்றாள் அவள். “கேக்கலாம்னு நெனச்சேன். நீங்க அவ்வளவு ஆசையா எழுதி வெச்சிருந்தீங்க.”

பிறகு கேட்டாள்: “அவ என்மேல கோபமாப் போனாளா?”

“நீ அவ விரலைப் பிடிச்சிட்டிருந்தே. தூக்கத்துலதான். கிளம்புறப்ப ஒவ்வொரு விரலா எடுத்து விட்டா.”

“பிடிச்சேனா?”

“பிடிச்சே.”

“போன் போடுங்க. நானே சொல்றேன்.”

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே வேலை நேரம். “சாயங்காலம் திரும்பப் போடலாம்,” என்றார். அவள் தலையசைத்துக் கண்ணை மூடினாள். இது மருந்தின் தூக்கமா, நோயின் தூக்கமா என்று சொல்ல அவரிடம் எந்த அட்டவணையும் இல்லை. மதிய வேளை அலாரம் அடித்தது. அதை அமர்த்தினார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவளை எழுப்பாமல், தங்கை போட்டு உட்கார்ந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குக் காத்திருந்தார்.