வெறும் காற்று

சலூன்காரருக்குத் தும்மல் வந்தால் கையிலிருக்கும் கத்தியும் சேர்ந்து குலுங்கும். நாற்காலியில் இருப்பவர்கள் முகத்தை இழுத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய்த்தான், ஒவ்வாமை மாத்திரை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர் கொடுத்தார்.

முதல் நாள் மாத்திரை தரவில்லை. கண்ணாடி அறைக்குள் அவரையும் வேறு சிலரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். தும்மலைக் கிளப்பும் மகரந்தத் தூளை உள்ளே ஊதிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். விசிறி சுழலத் தொடங்கியதுமே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி நுனிக்கு வந்தார், மூக்கைத் தேய்த்தார், கதவையே பார்த்தார். பிறகு அடுக்கடுக்காகத் தும்மித் தீர்த்தார்.

வெளியே வந்ததும் சோதனையை நடத்தும் டாக்டரம்மா சொன்னார்: "இன்னிக்குத் தூள் எதுவும் விடலைங்க. வெறும் காத்துதான்."

"அப்போ நான் தும்மினது?"

"நிஜத் தும்மல்தான். ஆனா பயத்துல வந்தது. அதைக் கழிச்சாத்தானே மருந்து எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும்? நாளைக்கு மாத்திரையோட பாப்போம், வாங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இத்தனை வருஷமா அந்த மூக்கைப் போய்த் திட்டினீங்களே, பாவம்!"

பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. இது மூக்கின் வேலையா, மனசின் வேலையா என்று பிடிபடாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார்.