வால்வைச் செருகவும்

தன் அக்காள் புருஷனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று சின்னவள் எட்டு வருஷமாக ஆசைப்பட்டாள். கோபம் வரும்போது வந்து, சோறு தின்றதும் மறந்துபோகிற ஆசை இல்லை அது. பல் தேய்க்கும்போதும் இருந்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் இருந்தது. இவ்வளவு கறுவலை மனசில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி ஒழுங்காக வேலை பார்த்தாள் என்று கேட்கலாம். அந்தக் கறுவல்தான் அவளை ஒழுங்காக வேலை பார்க்க வைத்தது.

அத்தான் ஒரு கம்பெனியில் தலைமை டிசைனர். காற்றில் ஓடுகிற கைக்கருவிகள் செய்கிற கம்பெனி. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், விசையை அழுத்தினால் கருவி சுற்றி நட்டை டைட் வைக்கும், விட்டால் நிற்கும். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருப்பதால் எல்லோரும் ‘கன்’ என்பார்கள். அக்கா கேட்டுக்கொண்டதால் சின்னவளுக்கு அங்கே அசெம்பிளியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த உபகாரத்தை மாதம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது நடந்தது. வண்டி செய்கிற ஆலை ஒன்றில் ஒரு தொழிலாளி விசையை விட்டுவிட்டு, கன் நின்றிருக்கும் என்று நம்பி, மற்ற கையை நட்டுக்குக் கொண்டுபோனார். கன் நிற்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி இழுத்ததில் இரண்டு விரல் எலும்பு நொறுங்கியது. கன்னைத் திறந்து பார்த்தார்கள். கைப்பிடிக்குள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வால்வு உண்டு, காற்றை நிறுத்துவது அதுதான். அது தலைகீழாக இருந்தது. கன்னில், அதைப் பூட்டியவள் என்ற அடையாளமாக, சின்னவளின் எண் பொறித்திருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?” என்று விசாரணையில் அவள் கேட்டாள்.

“எல்லாம் டிரெய்னிங்ல சொன்னதுதான்,” என்றார் அத்தான். “இவ அவசரக்காரி. வீட்டுலயும் இப்படித்தான், எதையாவது கீழ போட்டு உடைப்பா.” சொந்த மச்சினியென்றும் பாராமல் நியாயம் பேசுகிறாரே என்று பெரிய முதலாளி அவரை மெச்சிக்கொண்டார். ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலையும் போய், சின்னவள் வீட்டுக்கு வந்தாள்.

அதோடு விட்டாரா? வீட்டில் அவளுக்கு ‘கைநடுங்கி’ என்று பேர் வைத்தார். அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால், “பாத்து, பாத்து, கைநடுங்கி வர்றா, எல்லாரும் காலத் தூக்கிக்குங்க” என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அம்மா சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். நல்ல நகைச்சுவை அல்லவா, எட்டு வருஷமும் அலுக்கவில்லை அவர்களுக்கு.

சின்னவளை உள்ளே அரித்தது அந்தப் பேர் மட்டும் இல்லை. டிரெய்னிங்கில் நிஜமாகவே சொல்லியிருப்பார்களோ என்ற சந்தேகம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. முதல் நாள் பயத்தில் காதில் விழாமல் போயிருக்குமோ? கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டாள். யாருக்கு ஞாபகம் இருக்கிறது, என்றார்கள். அந்தத் தொழிலாளியின் விரல்களைத் தானே ஒடித்தோமோ என்று அவள் பாதி நம்பினாள். அவள் அத்தானை வெறுத்ததற்கு இந்தப் பாதி நம்பிக்கைதான் முக்கியமான காரணம்.

பிறகு ஒரு ரிப்பேர்க் கடையில் சேர்ந்தாள். பல கம்பெனிகளின் கன்கள் அங்கே வரும். திறப்பாள், துடைப்பாள், தேய்ந்ததை மாற்றுவாள், மூடுவாள். அத்தான் கம்பெனிக் கன் வந்தால் மட்டும் வால்வைத் தனியே எடுத்து அளவுக்கருவியில் வைத்துப் பார்ப்பாள். ஒரு ஓரத்தில் மட்டும் மயிரிழைச் சரிவு இருந்தது. கண்ணால் பார்த்துச் சத்தியமாகச் சொல்ல முடியாது. அவள் திறந்த கன்களில் பாதிக்குப் பாதி வால்வு தலைகீழாகத்தான் இருந்தது. புது ரப்பர் ரிங் இருக்கும்வரை தலைகீழ் வால்வும் காற்றை நிறுத்தும். கம்பெனியில் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிப் பார்க்கும்போது ஒரு குமிழிகூட வராது. இரண்டு மாசத்தில் ரிங் தேய்ந்தபிறகுதான் வேலையைக் காட்டும். பெரும்பாலும் அதற்குள் யாராவது ரிங்கை மாற்றிவிடுவார்கள். மாற்றாமல் விட்ட இடத்தில் யாருக்காவது விரல் போகும், யாரோ ஒரு அசெம்பிளிப் பெண்ணுக்கு வேலை போகும். சின்னவளுக்குப் பிறகு அப்படி மூன்று பெண்கள் போனார்கள்.

கடைச் சொந்தக்காரர் நல்ல மனுஷன், பழைய இரும்பைத் தொட்டால் கோபிக்க மாட்டார். சின்னவள் அரத்தால் ராவி, லேத்தில் கடைந்து தானே ஒரு கன் செய்தாள். ஆறு வருஷம் பிடித்தது. நாலே பெரிய துண்டுகள், ஸ்பெஷல் ஸ்பேனர் எதுவும் வேண்டாம். எந்தப் பாகத்தையும் தப்பாகப் போட்டால் உள்ளே போகவே போகாது. வால்வின் ஒரு முனையில் மூக்கு மாதிரி ஒரு நீட்டல் வைத்திருந்தாள். கைப்பிடியில் டெஸ்டிங்குக்கு என்றே ஒரு துளை. காற்று கசிகிறதா என்று பார்க்க கன்னைப் பிரிக்கவும் வேண்டாம், முக்கவும் வேண்டாம்; மீட்டரைச் செருகினால் முள் சொல்லிவிடும். கைப்பிடியைத் தன் கை அளவுக்குச் செய்தாள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது அத்தானுக்கு இருபது வருஷத்தில் தோன்றவில்லை, பாவம்.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். மகள் பொறுப்புக்கு வந்தாள். வருகிற புகார்களைப் பார்த்து முதலாளியம்மாவுக்குத் தலை சுற்றியது. புதிய கன் வேண்டும், வெளியாட்களும் டிசைன் கொண்டுவரலாம் என்று அறிவித்தாள். அத்தானும் ஒரு புது மாடல் செய்திருந்தார். மேலே புதுச் சட்டை, புது நிறம். உள்ளே அதே வால்வு. அதை மாற்றினால் பழையது தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

சின்னவள் முதலாளியம்மாவுக்கு எழுதினாள்: வரைந்தவர்களே கண்ணைக் கட்டிக்கொண்டு தங்கள் கன்னில் ஐந்தைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டட்டும். நல்ல டிசைன் என்றால் கைக்கே வழி தெரியும். முதலாளியம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

போட்டி நாளில் காலை பத்து மணிக்கு அசெம்பிளிக் கூடத்தில் மேஜை போட்டார்கள். முதலாளியம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். லைனில் வேலை செய்கிற பெண்கள் ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். சின்னவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். ரிப்பேருக்கு வந்த கன்களிலிருந்து கழற்றிய ரப்பர் ரிங்குகள்.

“ரெண்டு பேர் கன்னுக்கும் தேஞ்ச ரிங்தான் போடணும்மா,” என்றாள் முதலாளியம்மாவிடம். “புது ரிங் எந்தத் தப்பையும் ரெண்டு மாசத்துக்கு மூடி மறைச்சிடும்.”

“போடட்டுமே,” என்றார் அத்தான். “நம்ம கைநடுங்கி என்னென்னமோ கத்துக்கிட்டு வந்திருக்கா!” பிறகு கண்ணைக் கட்டுவதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டே, “கண்ண என்ன, கையக் கட்டினாக்கூடப் பூட்டுவேன்” என்றார். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், நாளைக்கும் அவர்கிட்டேதானே வேலை பார்க்க வேண்டும்.

சின்னவளின் கணக்கு இதுதான்: ஒவ்வொரு வால்வும் பூவா தலையா மாதிரி. ஐந்தில் இரண்டாவது தலைகீழாகப் போகும். தேய்ந்த ரிங் அதைக் காட்டிக்கொடுக்கும். விசையை விட்டபிறகும் கன் சுற்றும், அதை வரைந்த மகாராஜாவே பூட்டிய கன். அந்த நிமிஷத்தில் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து ருசித்திருக்கிறாள்.

முதல் கன்னை முடித்தார். அந்த ஆறு பேரில் மூத்தவளான லைன் லீடர் அக்கா குழாயை மாட்டி, விசையை அழுத்தி, விட்டாள். கன் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதும் நின்றது. எட்டு வருஷக் கனவு இப்படியா மண்ணாய்ப் போகும்? நாலாவதுக்கு அவர் வால்வை எடுத்தபோது அவள் அவர் கையையே பார்த்தாள். வால்வை விரல்களுக்கு நடுவே நிறுத்தி, கட்டைவிரல் நகத்தை ஒரு ஓரத்தில் வைத்து இழுத்தார். திருப்பி மறு ஓரத்தில் இழுத்தார். அதற்கப்புறம்தான் உள்ளே விட்டார். ஐந்தாவதுக்கும் அப்படியே.

அப்படியானால் இந்த மனுஷனுக்குத் தெரியும், சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவது கன்னும் நின்றது, எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே தட்டினாள்.

“இன்னும் அஞ்சு பூட்டட்டுமா?” என்றார் அத்தான். கண்கட்டை அவிழ்க்கவில்லை. வித்தை காட்டுகிறவருக்குக் கூட்டம் கலையக் கூடாது.

“போதும் அத்தான்,” என்றாள் சின்னவள், வெல்லமாக. “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வால்வப் போடுறதுக்கு முன்னாடி நகத்தால ஏதோ பாத்தீங்களே, அது என்ன?”

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்துட்டியா? அதுதான் தொழில். ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா ஒரு ஓரத்துல துளியூண்டு சரிவு. கண்ணுக்குத் தெரியாது. நகத்த வச்சு இழுத்தா அந்தப் பக்கம் மட்டும் வழுக்கும்.”

“அடேயப்பா! இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“கண்டுபிடிக்கிறதென்ன? வரைஞ்சவனே நான். மொத கன்னு பூட்டுன அன்னைக்கே தெரியும்.”

“பூட்டுற பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பீங்க, இல்ல?”

“இதெல்லாம் சொல்லிக் குடுத்து வர்ற விஷயமா?” கண்கட்டுக்குக் கீழே அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. “இன்னைக்கு வரைக்கும் நான் யாருக்கும் சொன்னதில்ல.”

லைன் லீடர் அக்கா சுவரில் ஒட்டியிருந்த வேலைக் குறிப்புத் தாளுக்கு முன்னால் போய் நின்று விரலால் வரிகளைத் தடவினாள். “ஆறாவது வரிம்மா,” என்றாள் முதலாளியம்மாவிடம். “‘வால்வைச் செருகவும்’. அவ்வளவுதான் போட்டிருக்கு.”

அத்தானின் சிரிப்பு மெதுவாக நின்றது. கண்கட்டை இழுத்துக் கழற்றினார். எதிரே ஆறு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் எண்ணிப் பார்த்து வைத்திருந்த முகங்களில் எதுவும் இந்த அளவுக்கு நன்றாக இல்லை.

“இந்த வால்வுக்காக எத்தனை பேர வெளிய அனுப்பியிருக்கோம்?” என்று முதலாளியம்மா கேட்டாள்.

“நாலு,” என்றாள் சின்னவள். “நான்தான் மொதல்ல.”

அத்தான் அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், “ஏம்மா, வீட்டு விஷயத்த இங்க எதுக்கு? உங்கக்கா முகத்தையாவது நினைச்சுப் பாத்தியா?” என்றார்.

“எட்டு வருஷம் அக்கா முகத்தப் பாத்துத்தான் சும்மா இருந்தேன். தப்பு எங்கன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க.”

அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. “தப்பு... டிராயிங்லதான்,” என்றார். “பூட்டுன கையில இல்ல.”

இதைக் கேட்டதும் மனசு ஆறிவிடும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. அவள் காதில் விழாமல் போனது எதுவுமே இல்லை, யாரும் எதையும் சொல்லவே இல்லை. தெரிந்துகொண்டே இந்த மனுஷன் எட்டு வருஷம் அவள் கையைப் பார்த்துச் சிரித்தார், அவளும் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்கு இப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. போனை எடுத்து நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, அத்தான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

“என்னங்க?” என்றது அக்காவின் குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். “என்னங்க, பேசுங்க.”

அவர் சொன்னார். ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு வார்த்தை என்று பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். தனக்கு முதலிலேயே தெரியும் என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தார்.

“அதையும் சொல்லுங்க,” என்றாள் சின்னவள்.

அதையும் சொன்னார். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“அவகிட்ட போனக் குடுங்க,” என்றாள் அக்கா.

சின்னவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். “அவர் சொல்றப்ப எல்லாம் நானும் சேந்து சிரிச்சேனேடி,” என்றாள்.

இல்லக்கா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் வந்தது.

“ஆமாக்கா,” என்றாள் சின்னவள். “சிரிச்ச.”

போனை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த கண்கட்டுத் துணியை எடுத்து உதறினாள். லைன் லீடர் அக்காவிடம் அதைக் கட்டிவிடச் சொன்னாள். அவளுடைய முறை இன்னும் பாக்கி இருந்தது.