அப்பாவைப் பாப்கார்ன் கடையில் அடைத்த வெள்ளிக்கிழமை

என் அப்பா வெர்லினின் தொண்டை எங்கள் வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். வாரமெல்லாம் பால் லாரி ஓட்டுகிற சாது மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடைப்பந்து ஆட்டம் நடக்கிற பள்ளிக்கூட ஜிம்முக்குள் கால் வைத்தால் வேறு ஆள் ஆகிவிடுவார். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் இவர் எழுந்து நின்றிருப்பார். அவருக்கு முன்வரிசையில் விவரம் தெரிந்தவர் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு மானம் போகும்.

அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவர் வாய் திறக்கக் கூடாது. பெக்வித் கல்லூரியின் கோச் ஆர்கட் என் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பெக்வித் சின்னக் கல்லூரிதான். அதன் ஆட்டம் டிவியில் வராது, கூடைப்பந்து ஆடுவதற்காகக் கட்டணத்தையும் குறைக்க மாட்டார்கள். ஆனால் பெரிய கல்லூரி எதுவும் என் குள்ள உருவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் ஒருவர்தான், அப்பாவின் சத்தத்தை எடுத்துவிட்டு நான் அனுப்பிய துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, முழு ஆட்டங்களையும் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். நேரில் வருகிறேன் என்றார். பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்த அவருக்கு ஒருத்திதான் தேவை, போட்டிக்கு அயோவா மாநிலத்தில் இன்னொருத்தி இருந்தாள். இது கைநழுவினால் பள்ளிக்கூடத்தோடு என் ஆட்டத்துக்கு முழுக்கு. சின்ன வயதிலிருந்து பந்தும் கையுமாகத் திரிந்தவளுக்கு அது சாதாரண விஷயமா?

கோச்சுகள் பெற்றவர்களையும் சேர்த்தே எடைபோடுவார்கள் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்பன் கத்தியதால் இடம் போனவர்களின் கதைகளை அம்மா விரல்விட்டு எண்ணுவாள். அதனால் சாப்பாட்டு மேஜையிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, வெள்ளிக்கிழமை நீங்க கடையில நிக்கிறீங்க. முறையை மாத்தி வாங்கிட்டேன்."

ஜிம் வாசலில் பெற்றோர்கள் முறைவைத்து நடத்துகிற தின்பண்டக் கடை அது.

"என்ன ஜோலீன், இது நம்ம லீட்டாவோட கடைசி உள்ளூர் ஆட்டம்!"

"பொண்ணுக்கு காலேஜ் முக்கியமா, உங்க வாய் முக்கியமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"சரி, பாப்கார்ன் விக்கிறேன். அதையாவது கத்தி விக்கலாமா?"

"மூச்!" என்றாள் அம்மா.

ஆட்டம் தொடங்கியது. கோச் ஆர்கட் மேல்வரிசை ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜிம்மில் கூட்டம் இருந்தது, சத்தமும் இருந்தது, ஆனால் எனக்கு என் ஷூ தரையில் கிறீச்சிடுவதுதான் கேட்டது. யாருமே நடுவரைத் திட்டவில்லை. என் கைகால் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆகிவிட்டது. யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோவை வளையத்தில்கூடப் படாமல் எறிந்தேன். தோழிக்குக் கொடுத்த பந்து பார்வையாளர் ஒருவரின் நாச்சோ சிப்ஸ் தட்டில் போய் விழுந்தது.

இடைவேளையில் நிமிர்ந்து பார்த்தேன். கோச் ஆர்கட்டின் இடம் காலியாக இருந்தது. பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார்! துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் பாதியில் பந்தோடு உள்ளே புகுந்தேன். வரிச்சட்டை நடுவர் விசில் ஊதி, பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டேன் என்று கையைச் சுழற்றினார். வாசலிலிருந்து ஒரு குரல் கூரையை அசைத்தது.

"யோவ் வரிச்சட்டை! அவளா நடந்தா? நீ இப்படியே வீட்டுக்கு நட! கண்ணை அங்கதான வச்சுட்டு வந்திருக்கே!"

ஏப்ரனும் கையில் பாப்கார்ன் கரண்டியுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. பழகின சத்தம். அதற்குமேல் என் ஷூ எனக்குக் கேட்கவில்லை. எதிரணியின் பந்தைப் பறித்தேன், கொடுத்த பந்தெல்லாம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, போட்ட ஃப்ரீ த்ரோவெல்லாம் விழுந்தது. ஆட்டத்தையும் ஜெயித்தோம். ஆனால் பார்க்க வேண்டியவர்தான் போய்விட்டாரே!

உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தால், கடை முன்னால் கோச் ஆர்கட் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா?" என்றேன்.

"எங்க போறது? முதல் பாதியில ஆடினது நீயில்ல. வீடியோல கேட்ட ஒரு குரலும் ஜிம்முல இல்ல. தேடிட்டு வந்தேன். கடையில உங்கப்பா 'பாப்கார்ன்ல வெண்ணெய் ஊத்தவா'ன்னு கேட்டாரு பாரு, உடனே தெரிஞ்சுபோச்சு."

முழு ஆட்டங்களை அனுப்பும்போது சத்தத்தை எடுக்க மறந்திருக்கிறோம்! நானும் அங்கே வந்து சேர்ந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான்தான் உள்ள வந்து கத்தச் சொன்னேன், அவருக்குப் பின்னாடி நின்னு மிச்ச ஆட்டத்தையும் பார்த்தேன்," என்றார் கோச். "எங்க எதிரி காலேஜ் பசங்க கூடைக்குப் பின்னாடி நின்னு தகரத்தைத் தட்டுவாங்கம்மா. போன வருஷம் என் பொண்ணுங்களுக்குக் கையே ஓடல. வீடியோல இந்த மனுஷன் காட்டுக்கத்து கத்துறாரு, நீ ஒரு தடவைகூடத் திரும்பல. அப்பவே உன்னைக் குறிச்சு வச்சேன்."

"அமைதியா இருந்தாத்தான் கோச் எனக்கு உதறுது."

"எங்க லீக்ல அமைதியான ஜிம்மே கிடையாது. இடம் உனக்குத்தான், வர்றியா? ஒரே ஒரு நிபந்தனை. எங்க ஊர் ஆட்டத்துக்கெல்லாம் உங்கப்பா வரணும். எதிர் டீம் பெஞ்சுக்குப் பின்னாடி உக்காரணும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. மறுபடி திறந்தார், மூடினார். கண்ணைத் துடைக்க ஏப்ரனைத் தூக்கினார், முகமெல்லாம் வெண்ணெய் ஆனது.

"வர்றேன்!" என்று நான் போட்ட கத்தலில் நடைபாதையில் போனவர்கள் நின்று திரும்பினார்கள்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டு கோச்சிடம் சொன்னாள், "யார் பொண்ணுன்னு இனிமே யாரும் கேக்க வேண்டாம்."