ப்ரோனா வீட்டுச் சாமான்கள்

மதிலுக்கு வெளியே அரபு நாட்டு மணல். மதிலுக்கு உள்ளே இரண்டு ஊர். முன்பக்கம் வெள்ளைக்கார ஆசிரியர்களின் வில்லாக்கள், நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம். பின்பக்கம், ஜெனரேட்டர் உறுமும் இடத்தில், எங்கள் டி பிளாக். கென்யாவிலிருந்து போன நான், பிலிப்பைன்ஸ்காரி லிகாயா, எங்களைப் போல இன்னும் சிலர் அங்கே இருந்தோம். எல்லோருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே பாடப்புத்தகம். நான் வேதியியல் பாடம் நடத்தினேன். அடுத்த வகுப்பறையில் அதே வேதியியலை நடத்திய டெரெக்குக்கு வில்லா. அவன் பாஸ்போர்ட் லண்டனில் அச்சானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குடியிருப்பின் பொழுதுபோக்குக் குழுவுக்கும் டெரெக்தான் தலைவன். வெள்ளிக்கிழமை குளத்தங்கரையில் கறி சுடுவார்கள், ஒரு நாள் வினாடி வினா, டிசம்பரில் நாடகம். குளத்தில் டி பிளாக் இறங்கக் கூடாது. நாடகத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். கை தட்ட ஆள் வேண்டுமே.

ப்ரோனா வேறு மாதிரி. அயர்லாந்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், ஆங்கில ஆசிரியை, வில்லாவில் தனியாக இருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் பெரிய சட்டியில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கொதிக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நாங்கள் போவோம். டெரெக்கும் அவன் மனைவி ஹிலரியும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்து தின்றார்கள். சாப்பிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் டி பிளாக் முழுவதுக்குமான ஏசி நின்றுபோனது. வெளியே கொதிக்கிற அந்தக் காற்றில் ஜன்னலைத் திறந்தாலும் வேகும், மூடினாலும் வேகும். நிர்வாகி அபூ ஃபவாஸ் தினமும் சிரித்த முகமாக வந்தார். "பாகம் வெளிநாட்டுல இருந்து வரணும் மேடம். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு." அந்த நாளைக்கு வரவேயில்லை. லிகாயா குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். சேதி கேட்டு ஓடி வந்த ப்ரோனா அந்த அறையில் ஒரு நிமிடம்தான் நின்றாள்.

"மெத்தையை எடுங்கடி எல்லாரும். என் வீட்டுக்கு வாங்க."

அவள் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம். மறுநாளே டெரெக் வந்து வாசலில் நின்றான்.

"ப்ரோனா, உன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். ஆனா வில்லா வில்லாக்காரங்களுக்குன்னுதானே விதி இருக்கு? நாளைக்கு ஆளாளுக்கு இப்படி ஆரம்பிச்சா?"

"ஆரம்பிச்சா என்ன? நாலு பேரு தூங்குவாங்க."

"எல்லாரும் பேசறாங்க."

"பேசறவங்க என் சட்டியில கைவச்சவங்கதானே? நேர்ல வந்து பேசச் சொல்லு."

அவர்கள் நேரில் வரவில்லை, நிர்வாகத்திடம் போனார்கள். இரண்டே நாளில் எங்களை மறுபடி டி பிளாக்குக்கு விரட்டிவிட்டார்கள். அந்த வாரம் பெற்றோர் கூட்டம். பள்ளி முதலாளி மேடையில் ஆசிரியர்களை என் பிள்ளைகள் என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது ப்ரோனா எழுந்து கேட்டாள்: "உங்க பிள்ளைங்க வெந்துக்கிட்டிருக்காங்களே ஐயா, போய்ப் பார்த்தீங்களா?" லிகாயாவின் நெற்றிக் காயத்தையும் காட்டினாள். முன்வரிசையில் டெரெக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் வேலை போனது. ஒரு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றார்கள்.

யாராவது ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டுச் சாமானை மற்றவர்கள் விலைபேசி வாங்குவது அங்கே வழக்கம்தான். ஆனால் அவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் வந்துவிட்டார்கள். நானும் லிகாயாவும் உதவிக்குப் போனபோது வீடு சந்தை மாதிரி இருந்தது. ஒருத்தி திரைச்சீலையை இழுத்துப் பார்த்தாள். ஒருவன் புத்தக அலமாரியை ஆட்டிப் பார்த்தான். ஹிலரி சமையலறையில் அடுப்பை அளக்க, டெரெக் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ப்ரோனா அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படியும் இதைத் தூக்கிட்டுப் போக முடியாதில்ல செல்லம்? கொஞ்சம் குறைச்சுச் சொல்லேன்" என்றாள் ஹிலரி.

ப்ரோனா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"டெரெக், ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூட்டத்துல எனக்காக ஒரு வார்த்தை பேசினியா?"

"இது அதுக்கான நேரம் இல்ல ப்ரோனா…"

"அப்போ எதுக்கான நேரம்? என் அடுப்பை அளக்கறதுக்கா? கையை எடு ஹிலரி. எல்லாரும் கையில இருக்கறதை வச்சுட்டு வெளியே போங்க. கப்பையும்தான். டீ குடிச்சது போதும்!"

ஒருத்தி, "இவ்வளவு கோவம் ஆகாது" என்று முனகினாள்.

"இவ்வளவோட விட்டாளேன்னு நினைச்சுக்கோ" என்றேன் நான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், கடைசி ஆள் போகும்வரை.

அப்புறம் ப்ரோனா எங்களைப் பார்த்தாள். "நஃபுலா, லிகாயா, ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க. இந்த வீட்டுல நான் காசு போட்டு வாங்கினது ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது."

பட்டப்பகலில், டென்னிஸ் மைதானத்துக்குக் குறுக்கே, மேசை போனது, அடுப்பு போனது, அலமாரி போனது. பின் அறை ஜன்னலில் அவள் தானே வாங்கி மாட்டியிருந்த ஏசியைக் கழற்றி நால்வர் தூக்கினோம். கை வழுக்கியது, கண்ணில் வேர்வை எரிந்தது. வில்லாத் திரைகள் அசைந்தன. வழியில் அபூ ஃபவாஸ் மறித்தார்.

"மேடம், இதுக்கு அனுமதி இல்ல."

"என் பொருளை நான் யாருக்குக் குடுக்கணும்னு நீ சொல்லாதே. வேணும்னா ஒரு பக்கம் பிடி."

அவர் விலகிக்கொண்டார். அன்றிரவு அந்த ஏசியை மாட்டிய லிகாயாவின் அறையில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்துத் தூங்கினோம்.

காலையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் ஒருவரும் ஏறவில்லை. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டோம். பல வகுப்புகளில் ஆசிரியர் இல்லை, பெற்றோர்கள் போன் செய்தார்கள். மத்தியானத்துக்குள் ஊரிலிருந்தே ஒரு மெக்கானிக் வந்தான். கூரையில் ஏறினான். ஒரு பெல்ட்டை மாற்றினான். இறங்கினான். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகம் அதுதான். லிகாயாவின் நெற்றித் தழும்புக்குக் காரணம் ஒரு ரப்பர் பெல்ட்.

ப்ரோனாவின் வேலை திரும்பி வரவில்லை. அவளை வழியனுப்ப டி பிளாக் மொத்தமும் வாசலுக்குப் போனோம். டெரெக்கும் வந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு காரின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அடுத்த மாதம் குளம் எல்லோருக்கும் பொது என்று குழு அறிவித்தது. ஹிலரி எங்கள் பிளாக்குக்கே வந்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் கண்டிப்பா வரணும். நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே?"

"குடும்பத்துக்கு ஆள் தேடறீங்கன்னா ப்ரோனாவுக்கு போன் போடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன். அந்தக் குளத்தில் ஒரு நாளும் கால் நனைக்கவில்லை.